கல்லைப் புரட்டுவது பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு நீ அனுப்பியதைப் பார்த்தேன். 'அப்பா, லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்டுக்கு வேற என்னென்ன சொல்லலாம், சும்மாதான் கேக்கறேன்' என்று போட்டிருந்தாய். மூன்று வாரமாக உன்னிடமிருந்து பேச்சு இல்லை, அம்மா போன் போட்டால் 'மீட்டிங்ல இருக்கேன்மா' என்று வைத்துவிடுகிறாய், திடீரென்று இப்படி ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு உனக்கு மூச்சு விட நேரமிருக்காது என்று நீயே சொல்லியிருக்கிறாய். சரி, அதை விடு. போனில் தட்டித் தட்டி எழுத எனக்கு வராது, அதனால் தபாலில் போடுகிறேன். அதே வீட்டில்தானே இருக்கிறாய்? முகவரி மாறியிருந்தால் ஒரு வார்த்தை சொல்.

முதலில் கேட்டதற்குப் பதில். அந்தத் தொடர், அதாவது ஒரு கல்லையும் புரட்டாமல் விடாதே, எல்லா வழியிலும் தேடிப் பார் என்பது, கிரேக்கர்களிடமிருந்து வந்தது. கி.மு. 479இல் பிளாட்டியா போரில் பாரசீகத் தளபதி மார்தோனியஸ் செத்துப்போனான், அவன் கூடாரம் இருந்த இடத்தில் புதையல் இருப்பதாக ஒரு பேச்சு. தீப்ஸ் ஊர்க்காரன் ஒருவன் அங்கே தோண்டித் தோண்டிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் டெல்பி கோயிலில் குறி கேட்கப் போனான். 'எல்லாக் கல்லையும் நகர்த்து' என்று சொன்னார்களாம், நகர்த்தினான், கிடைத்தது என்று கதை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் பிள்ளைகள் சுதந்திர தினக் கட்டுரையில் காந்தி எல்லாக் கல்லையும் புரட்டினார் என்றுதான் எழுதுவார்கள்.

எனக்கு இந்தத் தொடர் எப்போதுமே அவ்வளவாக ஒட்டியதில்லை. நம் பக்கம் கல்லுக்கா பஞ்சம். தாத்தாவோடு போச்சம்பள்ளிக் கொல்லையில் கல் பொறுக்கப் போவேன், ஒரு கல்லைக்கூட நேராகக் கையால் எடுக்க விடமாட்டார், கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் தொடச் சொல்வார். கல்லுக்கு அடியில் தேள்தான் இருக்கும், புதையலா இருக்கும்?

இப்போது மற்ற சொற்கள். 'ஸ்கௌர்' என்றால் ஒரு இடம் முழுக்க ஓடி ஓடித் தேடுவது. பாத்திரம் தேய்க்கிற ஸ்கௌரும் எழுத்தில் இதேதான், ஆனால் வேர் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. 'கோம்ப் த்ரூ' என்பது சீப்பால் வாரி எடுக்கிற மாதிரி தேடுவது, காகிதம், கணக்கு, பட்டியல் இதற்கெல்லாம் பொருந்தும். அதையே இன்னும் நுணுக்கமாகச் சொல்ல 'வித் எ ஃபைன் டூத் கோம்ப்' என்பார்கள், வேறொன்றுமில்லை, நம் பேன் சீப்புதான், பாட்டி திண்ணையில் அக்காவைப் பிடித்து உட்கார வைத்து இழுப்பாளே அது. 'ஹை அண்ட் லோ' பெரும்பாலும் தொலைந்ததைத் தேடும்போது வரும். 'எவ்ரி நூக் அண்ட் கிரானி' என்பது நம் இண்டு இடுக்கு, மூலை முடுக்கு. 'எக்ஸ்ப்ளோர் எவ்ரி அவென்யூ' கொஞ்சம் ஆபீஸ் வாசனை அடிக்கும், எல்லா வழியும் பார்த்துவிட்டேன் என்று பொருள். 'ரம்மேஜ்' முதலில் கப்பலின் அடித்தட்டில் பீப்பாய்களை அடுக்குவதற்கு இருந்த சொல், பிறகு பையைக் குடைந்து கிளறுவதற்கு ஆகிவிட்டது.

நம் மொழியிலேயே எத்தனை இருக்கிறது பார், சல்லடை போட்டுத் தேடுவது, துருவித் துருவித் தேடுவது, வலைவீசித் தேடுவது. போலீஸ் என்றால் வலைவீச்சுதான், அதைத் தவிர வேறு சொல் எந்தப் பத்திரிகைக்காரனுக்கும் கிடைப்பதில்லை. எனக்குப் பிடித்தது பாதாளக் கரண்டி. குடம் கிணற்றில் விழுந்தால் அதைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவோம், அடியில் கொக்கி எதிலோ மாட்டியது கைக்குத் தெரியும், ஆனால் குடமா வேறு எதுவுமா என்று மேலே இழுக்கும்வரை தெரியாது. மூன்று வாரமாக நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ இதை எங்கே எழுதப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு விண்ணப்பம், ஒரு கவரிங் லெட்டர், அந்த மாதிரி ஏதாவது என்றால் இதில் ஒன்றையும் போடாதே. படிக்கிறவன் அன்றைக்கு நூறு படித்திருப்பான், அதில் எண்பது பேர் கல்லைப் புரட்டியிருப்பார்கள். என்ன செய்தாய் என்று நேராக எழுது. எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினாய், எது கெட்டுப்போயிருந்தது, எப்படிச் சரி செய்தாய், அது போதும். உனக்குச் சொல்லிக்கொள்ள நிறைய இருக்கிறது. நம் தெருவில் முதல் எஞ்சினியர் நீ, இன்றைக்கும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் 90 கிலோமீட்டர்தான் தம்பி, துபாயில் இருக்கிற உன் பெரியப்பா மகன் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து போகிறான். நேராக எழுது, அலங்காரம் வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

இந்த மாதமும் 5ஆம் தேதி பணம் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் அம்மா அழுதாள், ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குப் பென்ஷன் வருகிறது, அனுப்பாதே. அதை அப்படியே திருப்பி உன் கணக்கில் போடச் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒரு சொல்லை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன். 'ரான்சாக்'. பழைய வடநாட்டு மொழியில், அதாவது ஐரோப்பாவின் வடக்கே, 'ரன்' என்றால் வீடு, 'சாகா' என்றால் தேடுவது. திருடு போன பொருளுக்காக வீட்டுக்குள் புகுந்து சோதனை போடுவதற்கு அந்தச் சொல் இருந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் உன் முகம்தான் வரும்.

நீ பத்தாம் வகுப்பு. பிள்ளைகளிடம் வாங்கிய பரீட்சைக் கட்டணம் 6,400 ரூபாய் வீட்டில் வைத்தது காணவில்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டினேன், அரிசி டப்பாவைக் கொட்டினேன், அப்புறம் உன் புத்தகப் பையை வாசலில் வைத்து உதறினேன். உன் கூட்டாளிகள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சட்டைப் பையிலும் கையை விட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை, கையை இப்படி இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றாய். அந்த நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் பணம் கிடைத்தது, பீரோவுக்கு அடியில் விழுந்திருந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். பீரோவுக்கு அடியில் இல்லை. நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டுக்குள், நானே வைத்த உறையில், என் மேஜையிலேயே இருந்தது. தெரிந்தவுடன் உன்னிடம் சொல்லியிருக்கலாம், ராத்திரி சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், அப்புறம் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன், இப்படியே பதினாறு வருடம் போய்விட்டது. அம்மாவுக்கும் தெரியாது. வாத்தியாருக்குத் தப்பு என்று சொல்ல வாய் வராது என்பார்கள், அது எனக்கு நன்றாகவே பொருந்தும். அந்த வருடத்திலிருந்து ஆட்டோவுக்குக் கொடுத்த காசுக்குக்கூட நீ மீதியை எண்ணி மேஜையில் வைத்துவிட்டுப் போவாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பாடத்தில் சந்தேகம் என்றால்கூட அக்காவிடம்தான் போவாய். அதனால்தான் செவ்வாய்க்கிழமை உன் செய்தியைப் பார்த்தவுடன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன், திரும்ப எழுதுகிறேன். மன்னித்துவிடு தம்பி.

மாம்பழத்தில் பெங்களூரா, செந்தூரா எல்லாம் முடிந்துவிட்டது. நீலம் மட்டும் பின்பக்க மரத்தில் கொஞ்சம் நிற்கிறது, அணில் போக மீதி. ஆடிப் பதினெட்டுக்கு வந்தால் களி கிண்டி வைக்கிறேன் என்கிறாள் அம்மா. நடுவாரத்தில் வந்தாலும் சரி, ஏன் லீவு என்று யாரும் கேட்கமாட்டோம், நான் அவளிடமும் சொல்லிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு என்று மேலேயே எழுதிவிட்டேன், இருந்தாலும் சாப்பிடு.

நீ எழுதியிருக்கிற அந்த ஆங்கிலத்தை, எதுவாக இருந்தாலும், முழுசாக எனக்கு அனுப்பு. சிவப்புப் பேனாவை எடுக்காமல் படிக்கிறேன்.

அப்பா