கம்புக்குச் செலினியம் காவல்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயிருக்கு நோய் வராமலிருக்கக் கிலோ விதைக்கு 4 கிராம் என்று நாங்கள் கலக்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சைக்கு இன்னொரு கைவேலையும் தெரியும். அது வளர்ந்த நீரில் சோடியம் செலினைட்டைக் கலந்தால், நிறமற்ற அந்த உப்பைச் செலினியம் என்ற தாதுவின் மிக நுண்ணிய (நானோ) துகளாக மாற்றிவிடும். கரைசல் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். பூஞ்சையின் புரதமே துகளைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால் எளிதில் கட்டிதட்டாது. மைசூரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கம்பின் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராகச் சோதித்து, 2017இல் நல்ல பலனை வெளியிட்டார்கள்.

சரி, இந்தத் துகள் கடைக்கு எப்போது வரும்? அவசரம் வேண்டாம். நமக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் செலினியம் போதும். தினமும் 400ஐத் தாண்டினால் முடி கொட்டலாம், நகம் உடையலாம். தானியத்திலும் மண்ணிலும் எவ்வளவு தங்குகிறது என்று வயலில் அளந்துவிட்டு அப்புறம் அனுமதி கொடுக்கட்டும்.

– கம்பு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்