பந்தயம் யாருக்கு?

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை, ஆகவே திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சந்துரு பணத்தைத் திருப்பிக் கொடுத்தானா, அல்லது இன்னும் அதே வெள்ளிக்கிழமைதானா?

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பழைய காரை விற்பதற்காகச் சுத்தம் செய்தபோது, முன்பெட்டியிலிருந்து, இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலத்தின் சுங்க ரசீதுகள் ஒரு கற்றையாக விழுந்தன. பெரும்பாலானவற்றில் மை மறைந்து வெறும் தாளாகிவிட்டிருந்தது. ஒன்றில் மட்டும் 6.70 பவுண்டு என்பது தெளிவாகத் தெரிந்தது. வேல்ஸ் பக்கத்து நியூபோர்ட்டில் குடியிருந்துகொண்டு இங்கிலாந்துப் பக்கத்துப் பிரிஸ்டலில் வேலை பார்த்த எனக்குக் காலையில் இலவசம், மாலையில் வீடு திரும்பத்தான் காசு, ஏனெனில் வேல்ஸை நோக்கிச் செல்லும் வண்டிகளிடம் மட்டுமே வசூலித்தார்கள். "உன் வீட்டுக்குப் போக உனக்கே டிக்கெட்டா?" என்று நீ சிரித்ததும், தனியார் கையில் போன சாவடி ஒருநாளும் மூடப்படாது என்று பந்தயம் கட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. 2018 டிசம்பர் 17 அன்று வசூல் நின்றது. பந்தயப் பணம் இன்னும் வரவில்லை என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

ஆனால் ரசீதுகளைப் பார்த்த பிறகு அந்தச் சுங்கத்தின் கணக்கை முதலிலிருந்து படித்தேன், முரளி. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

செவர்னின் குறுக்கே இருப்பவை இரண்டு பாலங்கள். 1966இல் திறக்கப்பட்ட முதல் பாலம் அரசுடையது. பெருங்காற்று வீசினால் உயரமான வண்டிகளை நிறுத்த வேண்டிவரும், நெரிசலும் தாங்கவில்லை. இரண்டாவது பாலத்துக்கு அரசு தன் பணத்தைப் போடவில்லை. ஜான் லைங், பிரான்சின் ஜிடிஎம் ஆகிய கட்டுமான நிறுவனங்கள் முன்னின்ற ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்து, 1992இல் பழைய பாலத்தின் வசூலையும் கடனையும் சேர்த்தே அதனிடம் ஒப்படைத்தது. புதிய பாலம் 1996 ஜூனில்தான் திறந்தது. அதாவது, தான் கட்டாத பாலத்தில் வசூலித்தபடியே அது தன் பாலத்தைக் கட்டியது!

கட்டிய விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஓதத்தால் கடல்நீர் ஏறத்தாழ 14 மீட்டர் ஏறி இறங்கும் அந்த முகத்துவாரத்தில், கரையில் வார்த்த கான்கிரீட் பெட்டகங்களை மிதவையில் கொண்டுபோய், நீர் வற்றும் குறுகிய இடைவெளிக்குள் பாறைமேல் அமர்த்தி, ஐந்து கிலோமீட்டருக்கும் அதிகமான பாலத்தை எழுப்பினார்கள். நடுவில் இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட 456 மீட்டர் பகுதி வடங்களில் தொங்குகிறது. ஓரத்துக் காற்றுத்தடுப்புகளின் புண்ணியத்தில், புயல் நாள்களில்கூட ஸ்டீயரிங் என் கையில் திமிறியதில்லை.

என்னை உறுத்துவது ஒப்பந்தம் முடிந்த விதம். அதிகபட்சம் 30 ஆண்டு என்று ஒரு வரம்பு இருந்தாலும், உண்மையான முடிவு தேதியில் இல்லை, தொகையில் இருந்தது. 1989ஆம் ஆண்டு விலைவாசிப்படி 102.9 கோடி பவுண்டு சேர்ந்ததும் பாலம் அரசுக்குத் திரும்ப வேண்டும். அது சேர்ந்து, 2018 ஜனவரி 8 அன்று திரும்பியது. தனியார் வசூல் என்பதால் போட்டிருந்த மதிப்புக்கூட்டு வரி அன்றே விலகி, கார் கட்டணம் 5.60 ஆனது. நான் மகிழ்ந்து உனக்குத் தொலைபேசியில் பெருமையடித்தது அன்றைக்குத்தான்.

இப்போது யோசித்துப் பார். கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு கௌரவமாக விலகிய பிறகும் பதினோரு மாதம் சாவடி நடந்தது, நடத்தியது அரசு. முதலில் பேசப்பட்டதும் கட்டணத்தைப் பாதியாக்குவது பற்றித்தான். முழுவதும் நீக்குவது 2017இல் அரசு தனியாக எடுத்த முடிவு, அது ஒப்பந்தத்தின் பலன் அன்று. ஆக, தனியார் விடமாட்டார் என்ற உன் வாதம் தோற்றது, ஒப்பந்தம் முடிந்தால் வசூல் தானாக நிற்கும் என்ற என் வாதமும் தோற்றது. அத்தனை ஆண்டு உன்னைக் கேலி செய்தேனே என்று உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது.

பந்தயத்தை ரத்து செய்வதா, பாதிப் பாதியா என்று நீயே தீர்ப்பு எழுது. கார் வாங்குபவர் சனிக்கிழமை வருகிறார். மற்ற ரசீதுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த 6.70ஐ மட்டும் இத்துடன் வைத்திருக்கிறேன். வெயிலில் வைக்காதே, மீதியிருக்கும் மையும் போய்விடும்.

அன்புடன்,
ரகு