திருகு ஆணி கடைசியில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எல்-ஜெட்ரானிக் (உள்ளே போகும் காற்றை அளந்து அதற்கேற்ப பெட்ரோலைப் பீச்சும் மின்னணு அமைப்பு) பொருத்திய பழைய ஃபோக்ஸ்வேகன் வேன்களில் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், தள்ளாடினால், இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பலரும் முதலில் பிரிப்பது அந்தக் காற்றை அளக்கும் காற்றளவுமானியின் கறுப்பு மூடியைத்தான். அது கடைசி வேலை.

முதலில், எஞ்சின் ஆறியிருக்கையில் வால்வு இடைவெளி 0.15 மி.மீ. வையுங்கள். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கான சிக்னல் இக்னிஷன் காயிலிலிருந்தே போவதால், அந்தக் காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயின்ட் தேய்ந்திருந்தால் பெட்ரோல் அளவையும் கெடுக்கும். அடுத்தது காற்றுக்கசிவு. கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பெட்டி) காற்றும் இன்டேக்குக்கே, அதாவது எஞ்சின் காற்றிழுக்கும் வழிக்கே, போகிறது. எனவே ஆயில் மூடியின் வாஷரோ டிப்ஸ்டிக் ரப்பரோ வெடித்திருந்தால் அளக்கப்படாத காற்று புகுந்து கலவை மெலியும் (காற்றுக்குப் பெட்ரோல் குறையும்). ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். தடுமாற வேண்டும். தடுமாறவில்லையென்றால் ஏற்கெனவே வேறெங்கோ ஓட்டை!

பெட்ரோல் அழுத்தச் சீராக்கியின் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் 2.5 பார் இருக்கவேண்டும். சிலிண்டர் ஹெட்டின் வெப்பச் சென்சார் 20 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம் காட்டும். அதன் வயர் அறுந்தால் எஞ்சின் உறைந்து கிடப்பதாக நினைத்து கன்ட்ரோல் பெட்டி பெட்ரோலைக் கொட்டும்.

இத்தனைக்கும் பிறகே காற்றளவுமானியிலுள்ள பைபாஸ் திருகு: உள்ளே திருகினால் கலவை செறியும் (பெட்ரோல் கூடும்). ஐடில் நிமிடத்துக்கு 900 சுற்று போதும். 1,750 மீட்டர் உயர ஜோகன்னஸ்பர்க்கில் இதே அமைப்பு சற்றுச் செறிவாகவே ஓடும். அங்கே செறிவைக் குறைத்துவிட்டு கடலோர டர்பனுக்கு இறங்கினால் மெலிந்து ஹெட் சூடேறும், மறுபடி பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த்