கண் ஊசிக்குப் பின் வந்த கிருமித்தொற்று பற்றிய புகார்

பெறுநர்
தலைமை நிர்வாகி அவர்கள்,
கண் மருத்துவமனை நிறுவனம்

பொருள்: என் அம்மாவின் வலது கண்ணில் ஊசிக்குப் பின் ஏற்பட்ட தொற்று

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்திருந்ததால், என் அம்மாவுக்கு உங்கள் கிளையில் அவாஸ்டின் ஊசி போட்டு வருகிறோம். சென்ற வியாழன் ஊசி போட்டார்கள். சனிக்கிழமை இரவு கண் சிவந்து வலித்தது, பார்வையும் மங்கியது. உங்கள் அவசர எண்ணுக்கு அழைத்தால், "திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாங்க, சொட்டு மருந்தை விடாம போடுங்க" என்றார்கள்.

ஞாயிறு காலையே வேறு மருத்துவமனைக்குப் போனோம். கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்துவிட்டு, உடனே வான்கோமைசின், செஃப்டாசிடைம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்ணுக்குள் செலுத்தினார்கள். இந்தத் தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அதை உங்கள் அவசர எண்ணில் பேசுகிறவருக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றில் இப்படி நேரலாம், எவ்வளவு கவனமாக இருந்தாலும் நேரலாம். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஊசி போட்ட அன்று நடந்ததை அம்மா சொன்னபோது ஆத்திரம் வந்தது. மரத்துப்போக முதலில் ஜெல் தடவியிருக்கிறார்கள், அதன் மேல்தான் கிருமியைக் கொல்லும் அயோடின் சொட்டு. ஜெல் படிந்த இடத்தில் அயோடின் சரியாகப் படாது. அது வேலை செய்யச் சற்று நேரமும் வேண்டும்; விட்ட கையோடு ஊசி போட்டுவிட்டார்கள். டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, பேசிக்கொண்டே போட்டாராம். வாயில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அப்புறம், ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தைப் பில்லில் சேர்த்துக் கொடுத்தீர்கள். ஊசிக்குப் பின் அதைப் போடுவதால் தொற்று குறைவதாக ஆதாரமில்லை. காப்பது ஊசிக்கு முன் விடும் அந்த 5% போவிடோன் அயோடின் சொட்டுதான்.

இதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. அவாஸ்டின் புற்றுநோய்க்கான மருந்து. ஒரு குப்பியைப் பல சிரிஞ்சுகளாகப் பிரித்துத்தான் கண்ணுக்குப் போடுகிறார்கள். பிரிக்கும்போது கிருமி புகுந்தால் பலருக்கும் பரவும். 2011இல் அமெரிக்காவின் மயாமி பகுதியில் அப்படி 12 பேருக்காவது தொற்று வந்தது. அன்று காலை அம்மாவோடு ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா? எங்கள் தாளில் பேட்ச் எண்கூட இல்லை.

முதலில் அன்று ஊசி போட்டுக்கொண்ட மற்றவர்களை இன்றே அழையுங்கள். பேட்ச் எண்ணையும், மருந்தைப் பிரித்த பதிவையும், அம்மாவின் சிகிச்சைக் குறிப்பையும் எங்களுக்கு எழுத்தில் தாருங்கள். அவசர எண்ணில் இரவிலும் ஞாயிறிலும் ஒரு கண் டாக்டர் பேச வேண்டும். 7 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்