அரை மீட்டர் கோடும் ஒரு இன்டர்னல் தேர்வும்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும், நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் கல்லூரிப் பக்கம் வந்தபோது நோட்டீஸ் போர்டில் நம் கூடைப்பந்து அணியின் படம் பார்த்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாம் இடம். பையன்கள் நடுவில் கோப்பை, இரண்டு பக்கமும் நீங்கள். படம் நன்றாக வந்திருக்கிறது. அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவன் என்பதால்தான் இந்த மடல்.

நான் 1994 முதல் 1997 வரை இதே மைதானத்தில் ஆடியவன். இப்போது காரைக்குடியிலேயே கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்துவிடுவேன். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் என்று பஸ் ஏறி வரும் பையன்கள். ஜூலையில் பயிற்சி தொடங்கும்போது அதில் நாலு பேருக்குச் சரியான ஷூ கிடையாது. ஐப்பசி மழையில் சிமெண்ட் தரையில் தேங்கிய தண்ணீரைச் சாக்குப் போட்டு ஒற்றி எடுத்துவிட்டு ஆடினார்கள். பந்தைக் கொண்டுபோகிற பாயிண்ட் கார்டு பையன் சிராவயல் பக்கத்துக்காரன். மஞ்சுவிரட்டு மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று சின்ன வயதிலேயே பார்த்துப் பழகியவன் போலிருக்கிறது, எதிராளியின் இடுப்பைப் பார்த்தே மறுபக்கம் வெட்டிப் போய்விடுவான். இந்த அணி அரையிறுதி வரை போகும் என்று ஆகஸ்டிலேயே பி.டி. சாரிடம் சொன்னேன். சிரித்தார்.

அரையிறுதியையும் தாண்டினார்கள். இறுதி ஆட்டத்தில் கடைசி ஆறு விநாடி, மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம். பள்ளத்தூர் பையன் வலது ஓரத்திலிருந்து எறிந்தான். போர்டில் படாமல் நேராக உள்ளே. நான் எழுந்தே நின்றுவிட்டேன். நடுவர் மூன்று விரல் காட்டவில்லை, இரண்டு காட்டினார். பையனின் கால் கட்டைவிரல் மூன்று புள்ளிக் கோட்டின் மேல் இருந்ததாம்; அதற்கு வெளியே நின்று எறிந்தால்தான் மூன்று. ஒரு புள்ளியில் போயிற்று.

நடுவர் மேல் குறையில்லை. ஆட்டம் முடிந்ததும் அவன் அழுதுகொண்டே, “அண்ணே, நம்ம கோர்ட்டுல அது மூணுதானே” என்றான். வாஸ்தவம், நம் கோர்ட்டில் அது மூன்றுதான்.

அங்கேதான் விஷயம். மூன்று புள்ளிக் கோடு நான் ஆடிய காலத்தில் கூடைக்கு நேர் கீழிருந்து 6.25 மீட்டர். 2010ல் சர்வதேசக் கூட்டமைப்பு அதை 6.75 ஆக்கியது. நம் மைதானத்தில் இன்னும் அந்தப் பழைய 6.25 தான். அதே ஆண்டில் ரிங்குக்குக் கீழே இருந்த சரிவகத்தையும் எடுத்துவிட்டு 4.9 மீட்டர் அகலத்தில் செவ்வகமாக்கினார்கள். நம்மிடம் இன்னும் சரிவகம்: அடிக்கோட்டில் 6 மீட்டர், ஃப்ரீ த்ரோ கோட்டில் 3.6. அதன் மேல் முனையை ஒட்டி வெளியே நிற்கப் பழகிய பையன், வெளியூரில் அதே இடத்தில் நின்றால் செவ்வகத்துக்குள் நிற்கிறான். மூன்று விநாடிக்கு மேல் நின்றதற்கு விசில். இந்த சீசனில் அப்படிப் பறிகொடுத்த பந்துகளை எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு எதிரே புதுக் கோடு கிடந்தாலும், ஐந்து மாதம் பழகிய கால் தன் இடத்தில்தான் போய் நிற்கும்.

பெயிண்ட்டுக்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பளிச்சென்று வெள்ளை அடிக்கிறீர்கள், பழைய தடத்தின் மேலேயே! நம் ஊரில் நடுவீட்டுக் கோலத்தில் ஒரு இழை தப்பினாலே ஆச்சி ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்கள். (எங்கள் காலத்து ஆட்டம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, எறிய 30 விநாடி. 2000ல் பத்துப் பத்தாக நாலு பகுதி, 24 விநாடி ஆனது. அதற்கு மாற நமக்குப் பெயிண்ட் தேவைப்படவில்லை, உடனே மாறிவிட்டோம்.)

இரண்டாவது விஷயத்தை எழுதத்தான் கை கூசுகிறது. இறுதி ஆட்டத்தில் நம் சென்டர், கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான பையன், ஏன் இல்லை என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? அரையிறுதிக்கு மறுநாள், இறுதி ஆட்டத்தன்று, அவனுக்கு இன்டர்னல் தேர்வு. ஓ.டி. (கல்லூரிக்காக வெளியே போகும் நாளுக்கான ‘ஆன் டூட்டி’ அனுமதி) கேட்டு எழுதிய கடிதம் துறையில் கிடந்தது, கையெழுத்தாகவில்லை. மறுதேர்வு உண்டா என்று கேட்டதற்கு, “விளையாடப் போனது உன் இஷ்டம்” என்று பதில் வந்ததாம். அரையிறுதி முடிந்த கையோடு, வேர்வை காயாமல், இன்னொரு பையனையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினான். அவன் இடத்தில் நின்றவன் உயரத்தில் அரை அடி குறைவு. கையைப் போட்டுப் போட்டுத் தடுத்து, நாலாவது பகுதி தொடங்கி இரண்டு நிமிடத்தில் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே போனான். அதன் பிறகு ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து, எல்லாம் எதிரணிக்குத்தான்.

படிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பையனின் அப்பா கொத்தனார், படிக்கத்தான் அனுப்பியிருக்கிறார். ஆனால் இந்தப் போட்டியில் ஆடுவதைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கிருந்து தென் மண்டலப் போட்டி, பிறகு அகில இந்தியப் போட்டி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதைக் கேட்டு நிற்க அந்த மட்டத்துச் சான்றிதழ் வேண்டும். அணிக்கு ஆள் எடுப்பவர்கள் உட்கார்ந்திருந்த அன்று அவன் இங்கே மூன்றாம் மாடியில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தான். எந்தத் தேர்வு பெரிது என்பதை அவனை முடிவு செய்யச் சொல்வது நியாயமா? அவனுக்குப் பத்தொன்பது வயது.

கேட்பது அதிகமில்லை. அணியில் பெயர் உள்ள பன்னிரண்டு பேருக்கும் போட்டி நாட்களில் ஓ.டி., தவறிய இன்டர்னலுக்கு ஒரு வாரத்துக்குள் மறுதேர்வு என்று முதல்வர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை, ஜூலைக்கு முன்னால். துறைக்குத் துறை பையன்கள் போய்க் கெஞ்சும்படி வைக்காதீர்கள்.

கோட்டுக்கு நீங்கள் ஒன்றும் செலவு செய்ய வேண்டாம். பெயிண்ட், டேப், சாக்பீஸ், கயிறு எல்லாம் நான் கொண்டுவருகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதித்திருக்கிறார்கள். பழைய கோட்டை அழிக்கக் கறுப்புப் பெயிண்ட்டும் அதில் சேர்த்தி. மைதானத்துக் கேட் சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். உங்கள் உத்தரவு இல்லாமல் தரமாட்டேன் என்கிறார்.

வணக்கத்துடன்,
பழைய மாணவன், எட்டாம் நம்பர் பனியன்
காரைக்குடி