அம்மம்மாவின் நாரியும் மகளின் விளையாட்டுப் பாடவேளையும்

அன்புள்ள பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் அம்மம்மா, அப்பம்மாமாருக்கும்,

வணக்கம்.

இந்தத் தவணை தொடங்கிய பிறகு என் மேசைக்கு வந்த கடிதங்களில் பதினொன்று ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: மகளை விளையாட்டுப் பாடத்துக்கு விடவேண்டாம், அந்த நேரம் கணக்குச் செய்யட்டும். எல்லாம் தரம் 10, 11 பெண்பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்தவை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது தாய் தகப்பனுக்கு வரும் பயம் எனக்குத் தெரியும். ஆனாலும் பதினொரு கடிதத்துக்கும் இல்லை என்றே பதில் சொல்கிறேன். ஏன் என்பதை எல்லோருக்கும் சேர்த்து எழுதுவதுதான் முறை.

என் அம்மாவைப் பற்றிச் சொன்னால் விளங்கும். அறுபது தாண்டியபின் ஒருநாள் குசினியில் நின்று, "இந்தத் தட்ட ஆரு உசத்தின?" என்று கேட்டார். முப்பது வருடமாகத் தூள் போத்தல் இருந்த அதே தட்டு. கை எட்டவில்லை. பிறகு சட்டை முன்னுக்குத் தொங்குது, பின்னுக்கு ஏறுது என்று இரண்டு தரம் பிரித்துத் தைப்பித்தார். நாரி நோகுது என்றால் எண்ணெய் பூசிவிடுவோம். முள்ளந்தண்டு எலும்புகள் ஒவ்வொன்றாக அமுங்கிக்கொண்டிருந்தன என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒரு மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி, உட்கார்ந்த மாதிரித்தான் விழுந்தார். இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. வயலுக்குத் தனியே போய் வந்த மனுசி, அதற்குப் பிறகு வாசற்படி தாண்டவும் ஒரு கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வைத்தியர் சொன்ன பெயர் ஒஸ்ரியோபொரோசிஸ், தமிழில் எலும்புப்புரை: எலும்பு உள்ளுக்குள் கரைந்து பலமிழந்து போவது. இதை மூட்டுத் தேய்வோடு குழப்பவேண்டாம். மூட்டு தேய்ந்தால் நோகும், வீங்கும், ஆள் மருந்து தேடுவார். எலும்புப்புரை பெரும்பாலும் முறிகிற நாள் வரைக்கும் சத்தம் காட்டாது. உலகக் கணக்குப்படி 50 வயது தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இதனால் எலும்பு முறிகிறது. ஆகவே அப்பாமாரும் இந்தக் கடிதத்தை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

இதற்கும் பத்தாம் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? எலும்பு உயிருள்ளது. பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டும் வேலை அதற்குள் ஓயாமல் நடக்கிறது. சின்ன வயதில் கட்டுவது கூட, கரைவது குறைவு. வாழ்நாளில் சேரக்கூடிய எலும்பின் 90 சதவீதம் அளவு பெண்பிள்ளைகளுக்கு 18 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 20 வயதிலும் சேர்ந்து முடிந்துவிடுகிறது. நாற்பதுக்குப் பிறகு கரைவது மேலோங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின், ஈஸ்திரோஜன் என்ற ஹோர்மோன் குறைவதால், முதல் ஐந்து, ஏழு வருடத்துக்குள்ளேயே 20 சதவீதம் வரை போய்விடலாம். மாரி வேளாண்மை வெட்டி வீட்டில் ஏற்றிய மூட்டையைத்தானே பிறகு எடுத்துத் தின்கிறோம்? எங்கள் பிள்ளைகளுக்கு வெட்டுக்காலம் இப்போதுதான், இந்த வகுப்பறை வருடங்கள்தான். தரம் 10இல் ஒரு பிள்ளையைக் கதிரையில் இருத்திவைத்தால், அந்த மூட்டை அறுபது வயதில் குறையும்.

எலும்பு சுமை விழுந்தால்தான் தன்னைத் தடிப்பாக்கும். ஓடுவது, குதிப்பது, வலைப்பந்து, எல்லே, கிளித்தட்டு, கயிறடிப்பது எல்லாம் நல்லது. "என் பிள்ளை தினமும் நாலு மைல் சைக்கிள் ஓடுகிறது, வாவியில் நீந்துகிறது" என்று ஒரு தகப்பன் சொன்னார். இருதயத்துக்கு அவை மிக நல்லவை. ஆனால் உடம்பின் பாரத்தை அங்கே சைக்கிளும் தண்ணீரும் தாங்கிக்கொள்வதால் எலும்புக்குக் கிடைப்பது குறைவு. கால் நிலத்தில் அடிபடவேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பால்மா விலை ஏறிய பிறகு "கல்சியத்துக்கு எங்கே போவது" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். 9 வயது முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் அளவில் வேண்டும். அது பால்மாப் பைக்கற்றுக்குள் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து எருமைத் தயிர் இருக்கிறது. பசுப்பாலைவிட எருமைப்பாலில் கல்சியம் கூட. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே அளவு அரிசியில் 10 அளவில்தான். கிழமையில் இரண்டு நாள் காலையில் குரக்கன் பிட்டு அவித்தால் என்ன? நெத்தலி, சூடை போன்ற சின்ன மீனை முள்ளோடு மென்று தின்னப் பழக்குங்கள். கல்சியம் முள்ளில்தான் இருக்கிறது. நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள். உப்புக் கூடினால் கல்சியம் சிறுநீரோடு போகும். முருங்கை இலைச் சுண்டல், எள்ளுருண்டை இரண்டையும் இடைவேளைப் பெட்டியில் காண ஆசைப்படுகிறேன். இப்போது அதிகம் காண்பது பனிசும் ரோல்சும்தான்.

தின்ற கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும், அதை வெயிலில் தோல்தான் உண்டாக்குகிறது. வெயில் கொளுத்தும் மட்டக்களப்பில் அதற்கும் பஞ்சமா என்று கேட்பீர்கள். காலையில் வகுப்பறை, பின்னேரம் ரியூசன் கொட்டில், இரவு மேசை லாம்பு என்று போகும் பிள்ளையின் கையில் வெயில் எப்போது படுகிறது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடும் பெண்பிள்ளைகள் உயர்தர வகுப்பில் இருக்கிறார்கள். சாப்பாடு மிகக் குறைந்தால் மாதவிடாய் தவறும். அது பல மாதம் தொடர்ந்தால் இந்த வயதிலேயே எலும்பு இழக்கத் தொடங்கும். மகளோடு அம்மாமார் மெதுவாகக் கதையுங்கள், அதட்டவேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களுக்கு: கூன் விழுவதையும் உயரம் குறைவதையும் வயதுக்கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள். இளமையில் இருந்த உயரத்தில் 4 சென்ரிமீற்றர் அளவு குறைந்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு நிறையக் கரைந்த பிறகே தெரியும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா என்ற பரிசோதனை அதற்கு முன்னமே காட்டும். இழுப்புக்கோ (ஆஸ்துமா) மூட்டுவாதத்துக்கோ நெடுங்காலம் ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்களுக்கு ஆபத்துக் கூட. ஆனால் தாங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் கேளுங்கள். எலும்பைக் காக்கும் மருந்துகள் இருக்கின்றன. புகைத்தலும் குடியும் எலும்பைத் தின்னும் என்பதையும் அப்பாமார் அறிந்துகொள்ளுங்கள்.

தரம் 8 பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன்: சனிக்கிழமை காலை கிணற்றடிப் பாசியைத் தும்புக்கட்டையால் தேய்த்துக் கழுவுவது, அம்மம்மா இரவில் எழும்பி நடக்கும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா, சுருண்ட பாய் கிடக்கிறதா என்று பார்ப்பது. தடுக்கவேண்டாம், செய்யட்டும்.

இனி எந்த வகுப்பிலும் விளையாட்டுப் பாடவேளை வேறு பாடத்துக்குப் போகாது. வைத்தியரின் கடிதம் இருந்தால் மட்டும் விலக்கு. தரம் 10, 11க்குக் காலைக்கூட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கயிறடிப்பும் தொடங்குகிறோம். அதற்குக் கயிறு போதவில்லை. வாவிக்குப் போகும் வீடுகளில் பழைய வலைக்கயிறு இருந்தால், ஆளுக்கு ஒன்றாகக் கயிறடிக்கப் போதுமான நீளத்துக்கு வெட்டி, முனை பிரியாமல் முடிச்சுப் போட்டு, வரும் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
அதிபர்