தெர்மோஸ்ரற்றைக் கழற்றி வீசிவிட்டு ‘கூலிங் சேர்விஸ்’ என்று காசு வாங்கியது பற்றிய முறைப்பாடு

கிளிநொச்சி
03.02.2025

முகாமையாளர்,
வாகனப் பராமரிப்புப் பிரிவு.

ஐயா,

கடந்த நவம்பர் மாதம் எங்கள் டீசல் வான் உங்கள் நிலையத்தில் ‘கூலிங் சிஸ்டம் சேர்விஸ்’ செய்யப்பட்டது. ஒரு லீற்றர் கூலன்ற் (ரேடியேற்றர் தண்ணீரோடு கலக்கும் நிறத் திரவம்) போத்தல் 4, ரேடியேற்றர் கழுவியது, தெர்மோஸ்ரற் (என்ஜின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேற்றருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வு) பரிசோதித்தது என்று மூன்றுக்கும் பற்றுச்சீட்டில் காசு எழுதியிருக்கிறீர்கள். பிரதி இணைத்துள்ளேன்.

தைப்பொங்கல் விடுமுறையில் வான் 14 பேரோடு நுவரெலியாவுக்குப் போனது. கிளிநொச்சியிலிருந்து கண்டி வரைக்கும் ஹீற்றரை யாரும் தொடமாட்டார்கள். றம்பொடை ஏற்றம் தொடங்கி, மழைத்தூறலும் குளிரும் சேர்ந்தவுடன்தான் அது வேண்டும். 14 பேரின் மூச்சும் முன் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்தும் கண்ணாடிக்கு வந்த காற்று 27 பாகைக்கு மேல் ஏறவில்லை. ஒழுங்கான ஹீற்றர் 50 பாகைக்கு மேல் தரவேண்டும். அந்த வளைவுகளில் துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வான் ஓடுவது என்ன நிலைமை என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தொலைபேசியில் உங்கள் ஆள் சொன்ன பதில்: “ஏசியைப் போடுங்கோ, ஆவி போயிடும்.” ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், உண்மை. ஆனால் அந்தக் காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு விட்டால்தான் பலன். குளிர்க் காற்றை மட்டும் விட்டால் கண்ணாடி குளிர்ந்து, வெளிப்பக்கத்திலும் ஈரம் படிகிறது. அதுதான் நடந்தது.

ஊருக்குத் திரும்பியதும் ஒன்றும் கழற்றாமலே ஒரு சோதனை செய்தோம். காலையில் குளிர்ந்த என்ஜினை இயக்கி, ரேடியேற்றரின் மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றோம். தெர்மோஸ்ரற் சரியாக இருந்தால் அந்த ஹோஸ் பல நிமிடங்களுக்குக் குளிர்ச்சியாகவே கிடந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். எங்கள் வானில் முதல் நிமிடத்திலிருந்தே அது மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. பிறகு தெர்மோஸ்ரற் மூடியின் இரண்டு நட்டையும் கழற்றிப் பார்த்தோம். உள்ளே வால்வு இல்லை. வால்வு உட்காரும் இடத்தைச் சுற்றி சிவப்பு சிலிக்கன் அப்பிய காஸ்கெட் மட்டும் இருந்தது. இல்லாத பொருளை எப்படிப் பரிசோதித்தீர்கள்?

“வன்னி வெயிலுக்குத் தெர்மோஸ்ரற் தேவையில்லை, எல்லாருக்கும் கழற்றிவிடுறனாங்கள்” என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னார். இந்தக் கதையை எங்கள் பக்கத்துக் கராஜ்கள் பலவற்றில் கேட்டிருக்கிறோம். ஒரு நிறுவனம் அதையே சொல்வது வருத்தமாக இருக்கிறது. தெர்மோஸ்ரற்றின் வேலை என்ஜினைச் சூடாக்குவது அல்ல, ஒரே சூட்டில் வைத்திருப்பது. எங்கள் வானுக்குரியதில் 82 என்று முத்திரை இருக்கும். அதன் மெழுகு 82 பாகையில் உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்கும், 95 அளவில் முழுதாகத் திறந்துவிடும். அது இல்லாவிட்டால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் தண்ணீர் ரேடியேற்றருக்குள்ளாலும் ஓடும். டீசல் என்ஜின் ஏற்கனவே குறைந்த சூட்டில்தான் ஓடும், இறக்கத்தில் இன்னும் குளிரும். றம்பொடையில் திரும்பி இறங்கும்போது சூடு காட்டும் முள் குளிர்ச்சியைக் குறிக்கும் ‘சி’க்குப் போய்ப் படுத்துவிட்டது. என்ஜினில் சூடு இல்லையென்றால் ஹீற்றர் எதைக்கொண்டு சூடாக்கும்? குளிர்ந்து ஓடும் டீசல் என்ஜின் டீசலையும் கூடக் குடிக்கும், என்ஜின் ஒயிலையும் சீக்கிரம் கெடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் வானின் தெர்மோஸ்ரற் கீழே இன்னொரு சிறு தட்டு உள்ள வகை. வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். ஏப்ரல் வெயிலில் ஏ9 வீதியில் ஆட்களை நிறைத்துக்கொண்டு ஓடினால் சூடு ஏறுவதற்கே இது வழி. சூடு குறையட்டும் என்று செய்த வேலை சூட்டைக் கூட்டுகிறது.

புதிய 82 பாகைத் தெர்மோஸ்ரற்றை நாங்களே வாங்கிப் பூட்டினோம். பூட்டமுதல் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து அது திறப்பதையும் பார்த்துக்கொண்டோம். இப்போது முள் நடுவில் நிற்கிறது. ஹீற்றருக்குப் போகும் ஹோஸ் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. திரும்பி வரும் ஹோஸ் மட்டும் வெதுவெதுப்பு. ஹீற்றர் வால்வின் கேபிள் கடைசிவரை இழுபடுகிறது, காற்றுக் குமிழும் இல்லை. அப்படியென்றால் ஹீற்றர் கோர் (சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேற்றர்) உள்ளே அடைபட்டிருக்கிறது.

அதற்குக் காரணமும் உங்கள் சேர்விஸ்தான். தண்ணீரை வடித்தபோது கூலன்ற் நிறம் அறவே இல்லை. துருப்பிடித்த மண்ணிறத் தண்ணீரில் முட்டைக்கோதுத் துண்டுபோல வெள்ளைச் செதில்கள் மிதந்தன. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியில் படிகிற அதே படை. ரேடியேற்றருக்கு இந்தச் சவர்த் தண்ணீரை ஊற்றினால் ஹீற்றர் கோரின் ஒடுங்கிய குழாய்கள்தான் முதலில் அடைபடும். ஹீற்றரோடு சேர்த்து 9 லீற்றருக்கு மேல் பிடிக்கும் வானில், பற்றுச்சீட்டில் எழுதிய 4 லீற்றர் கூலன்ற் எங்கே போனது?

ஆகவே, கீழ்க்கண்டவற்றை உங்கள் செலவில் செய்து தரவேண்டும். ஹீற்றரின் இரண்டு ஹோஸையும் கழற்றி, திரும்பி வரும் பக்கமிருந்து மெதுவான தண்ணீர் விட்டுக் கோரைக் கழுவவேண்டும். கார் கழுவும் பிரஷர் மெஷினைத் தயவுசெய்து பாவிக்காதீர்கள், கோர் வெடித்தால் முன்னால் இருப்பவரின் காலில் சுடுதண்ணீர் ஊற்றும். படை கரையாவிட்டால் கோரை மாற்றவேண்டும். பிறகு கூலன்ற் பாதி, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி என்று கலந்து, வானின் முன்பக்கத்தை மேடாக நிறுத்தி, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து, குமிழ் நிற்கும்வரை நிரப்பவேண்டும். அடுத்த நாள் காலை, என்ஜின் ஆறியபின், மட்டத்தை என் முன்னிலையில் பார்க்கவேண்டும். தெர்மோஸ்ரற்றின் விலையையும், செய்யாத பரிசோதனைக்கும் ஊற்றாத கூலன்றுக்கும் வாங்கிய காசையும் திருப்பித் தரவேண்டும்.

உங்களிடம் சேர்விஸ் செய்த மற்ற வான்காரரும் இதே கதைக்கு ஆளாகியிருப்பார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி மலைநாட்டுக்குப் போகும் வான்களும் அவற்றில் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டுக் கழற்றியவற்றைத் திரும்பப் பூட்டிக்கொடுங்கள்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், இந்தக் கடிதத்தையும் பற்றுச்சீட்டையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் கொடுப்பேன். வடித்த தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து வைத்திருக்கிறேன். அதுவும் கூடவே போகும்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
வான் உரிமையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, தெர்மோஸ்ரற் மூடிக்குள் எடுத்த படங்கள் 3